வீட்டு வண்டிக்கேற்ற மின்பிறப்பாக்கி

வீட்டையே வண்டியாக்கி, அதில் மனைவி மக்களோடு ஊர்கள் பல கண்டு உலாவுதல் வட அமெரிக்க மக்களிடையே பெருவழக்காய் உள்ளது. படுக்கை, அடுக்களை, குளியலறை ஆகிய யாவும் ஒருங்கே அமைந்த இவ்வண்டிகளை அவர்கள் 'ஆர். வி.' என்னும் ஈரெழுத்தாற் குறிப்பர். இயந்திரம் பூட்டித் தாமே ஓடுவனவும் உள. வேறொரு மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லப்படுவனவும் உள. இக்கட்டுரையில் இரண்டையும் 'வீட்டு வண்டி' என்றே வழங்குவாம்.

இத்தகைய வண்டியை நம்மிற் பெரும்பாலார் கண்ணாற் கண்டிலர். யானும் கண்டதில்லை. அங்ஙனமாயின் இதுபற்றி எழுதப் புகுந்தது ஏனெனில், கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எழுதிய கடிதமே காரணமாகும். "சேர், ஓமின் விதியை நீங்கள் படிப்பித்தபோது நான் கடைசி வாங்கிலே நித்திரை கொண்டவன், இப்பொழுது அதற்குத் தண்டம் கட்டுகிறேன்" என்று அக்கடிதம் தொடங்கியது. விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லாதிருந்த ஓராண்டிலே கணித ஆசிரியனாகிய யானே அப்பாடத்தையும் ஏற்க நேர்ந்தமையால், அந்நித்திரையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அவர் கேட்டது இது. வயது முதிர்ந்த தாயாரையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் மேற்குப் பாகத்துக்குச் செல்ல எண்ணி, இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியொன்றை வாங்கியுள்ளார். கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கையும் அரிசோனாவின் கிராண்ட் கன்யனையும் காண்பது நோக்கம். தாயாருக்கு இரவிலே ஒட்சிசன் வேண்டும்; அதனைக் காற்றிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுக்கும் செறிவாக்கி மின்னின்றி இயங்காது. வழியிலே மின்னிணைப்பு இல்லாத இடங்களிலும் தங்க நேரும். ஆதலின் ஒரு மின்பிறப்பாக்கி வாங்கவேண்டும். எவ்வளவு வலுவுள்ளதை வாங்குவது? கடைக்காரர் ஒருவர் 2200 உவாற்று உள்ளது தாராளமாய்ப் போதும் என்கிறார். அயல்வீட்டு நண்பர் 8500 உவாற்றுக்குக் குறைந்தது எதுவும் உதவாது என்கிறார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றனர். யாரை நம்புவது?

யான் வெளிவாரியாகப் படித்துப் பட்டம் பெற்ற ஒரு கலைப்பட்டதாரி, மின்பொறியியலாளன் அல்லேன். ஆயினும் இவ்வினாவுக்கு வேண்டப்படுவன பெருக்கலும் கூட்டலும், அவற்றினும் மேலாக எதனைக் கூட்டக்கூடாது என அறிதலுமே. அவருக்கு எழுதிய விடையை நம் மாணாக்கருக்கும் பயன்படுமாறு விரித்து ஈண்டு தருகின்றேன்.

முதலில் அடிப்படை. ஒரு கருவி உட்கொள்ளும் வலுவை உவாற்றில் அறிய, உவோற்றளவை அம்பியரினாற் பெருக்குக. நம் நாட்டில் வீடுகளுக்கு வருவது 230 உவோற்று. அதன் மீடிறன் செக்கனுக்கு 50 சுழற்சி. வட அமெரிக்காவிலோ சாதாரணக் கருவிகளுக்கு 120 உவோற்று. செக்கனுக்கு 60 சுழற்சி. ஆதலின் ஒரே வலுவுள்ள கேத்தில் நம் வீட்டில் இழுக்கும் ஓட்டத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு ஓட்டத்தை அங்கே இழுக்கும். நடுத்தர வீட்டு வண்டிகளுக்கு மின்னேறும் வாயில் 30 அம்பியர் கொண்டது. 30 ஐ 120 ஆற் பெருக்க 3600 உவாற்று வருகின்றது. பெரிய வண்டிகளில் 50 அம்பியர் வீதம் இரு கம்பிகள் மின்னைக் கொணர்வதால் 12,000 உவாற்று வரை கொள்ளலாம். நம் மாணவரின் வண்டி 30 அம்பியர் வகையினது. இந்த 3600 என்னும் எண்ணை வாசகர் மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனி, வண்டியிலுள்ள கருவிகளை நோக்குவாம். கூரைமேல் அமைந்த குளிரூட்டி அவற்றுட் தலையாயது. அதன் விளம்பரத்தில் 13,500 பிரித்தானிய வெப்ப அலகு என்று பொறித்திருக்கும். இதனைக் கண்டு மருளுவோர் பலர். 13,500 அலகை ஒரு மணித்தியாலத்தில் வெளியேற்றுதல், உவாற்றிற் கணித்தால், ஏறத்தாழ 3950 உவாற்று வீதம் வெப்பத்தை அகற்றுதலாகும். அவ்வளவு மின்வலு வேண்டும் என்பது இதன் பொருளன்று. குளிரூட்டி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளிருப்பதை வெளியே இறைக்கின்றது. கிணற்றிலிருந்து நீரை இறைப்பவன் நீரைப் படைப்பதில்லையன்றோ? 3950 உவாற்று வெப்பத்தை இறைப்பதற்கு ஏறத்தாழ 1500 உவாற்று மின்வலு போதும். புறத்தே வெயில் மிகக் கடுமையாயின் 1700 வரை ஏறலாம்.

நுண்ணலை அடுப்பின் நிலைமை இதற்கு மாறானது. அதன் முகப்பில் 1000 உவாற்று என எழுதியிருப்பது உணவுக்குட் செல்லும் வலு. சுவரிலிருந்து அது இழுப்பது ஏறத்தாழ 1500 உவாற்று. ஆதலின் முகப்பை விடுத்து, பின்புறத்தே ஒட்டிய தகட்டைப் படித்தல் வேண்டும். கோப்பி வடிக்கும் கருவி 900. தலைமயிர் உலர்த்தி 1500. நீர்சூடாக்கியின் மின்கம்பி 1440. குளிர்ச்சாதனப் பெட்டி 350. விளக்கு, தொலைக்காட்சி, நீர்ப்பம்பி ஆகியன எல்லாம் சேர்த்து 100. பற்றரிக்கு மின்னேற்றும் கருவி, பற்றரி வெறுமையாய் இருக்கையில் 1000. தாயாரின் ஒட்சிசன் செறிவாக்கி 350. இவற்றைக் குளிரூட்டியின் 1500 உடன் கூட்டிப் பார்த்தேன். 8640 வந்தது. அயல்வீட்டு நண்பர் சொன்ன 8500 எங்கிருந்து வந்தது என்பது அப்பொழுதே விளங்கிற்று. அவர் கூட்டலிற் பிழை விடவில்லை. ஆனால் 30 அம்பியர் வாயிலையுடைய வண்டிக்கு 3600 உவாற்றுக்கு மேற் கொடுத்தால், அங்குள்ள சுற்றுடைப்பான் உடனே விழுந்துவிடும். 8500 உவாற்றைக் கொண்டுசென்று அவ்வாயிலில் நிறுத்துதல், ஒற்றையடிப் பாதையில் லொறியை ஓட்ட முனைவதை ஒக்கும்.

அன்றியும் இவற்றுட் சில மின்னையே நாடவேண்டியதில்லை. வீட்டு வண்டியில் எரிவாயுவான புரொப்பேன் உருளை உண்டு. நீர்சூடாக்கி அதில் இயங்கும். பழைய முறையான குளிர்ச்சாதனப் பெட்டியும் அதில் இயங்கும். தீயினால் எப்படிக் குளிரச் செய்வது என்று மாணாக்கர் வியக்கலாம். சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோமிலே தொழினுட்பம் பயின்ற பிளாட்டன், முன்டர்ஸ் என்னும் இரு மாணவர் 1922 ஆம் ஆண்டில் இதனைக் கண்டுபிடித்தனர். அமோனியா, நீர், ஐதரசன் ஆகியன மூடிய குழாய்களுள் இருக்கும். சிறு சுடர் அமோனியாவை நீரினின்றும் பிரித்து அனுப்பும். அது ஐதரசனோடு கலந்து ஆவியாகையிற் பெட்டியின் வெப்பத்தைக் கவரும். பின்னர் நீரிற் கரைந்து பழைய இடத்துக்கு மீளும். அதில் அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லை, மோட்டரும் இல்லை. மாணவர் இருவர் செய்த இவ்வருஞ்செயலை நம் மாணவருக்கு நினைவூட்டுவதன்பொருட்டே சற்று விலகிச் சென்றேன். இவ்விரண்டையும் எரிவாயுவில் விட்டால் மின்பிறப்பாக்கிக்கு 1790 உவாற்றுச் சுமை குறைகின்றது.

எஞ்சியவற்றுள் எவை ஒரே வேளையில் இயங்கவேண்டும் என்பதே அடுத்த வினா. தலைமயிர் உலர்த்துபவர் சில நிமிடம் பொறுக்கலாம், கோப்பியும் பொறுக்கும். நண்பகல் வெப்பத்திலே குளிரூட்டி பொறாது. ஒட்சிசன் செறிவாக்கி எக்காலத்தும் பொறாது. ஆகவே குளிரூட்டி 1500, செறிவாக்கி 350, சில்லறை 100, பற்றரி ஏற்றி 1000, ஆக 2950 உவாற்று என்பது அவ்வண்டியின் உண்மையான பகற்சுமை. சமைக்கும்போது குளிரூட்டியைக் கால் மணி நேரம் நிறுத்தினால், அதன் இடத்தை நுண்ணலை அடுப்பு எடுத்துக்கொள்ளும்; கூட்டுத்தொகை மாறாது.

இங்கே நிறுத்திவிட்டாற் கணக்கு மிக எளிது. ஆனால் மோட்டர் உள்ள கருவி எதுவும் தொடங்கும்போது வேறு, ஓடும்போது வேறு. இதனை யான் நூலிற் படிப்பதற்கு முன்னரே கண்டவன். 1990 ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில் யான் சிறுவன். எங்கள் ஒழுங்கையில் ஒருவரிடம் சிறிய மின்பிறப்பாக்கி ஒன்று இருந்தது. சிறிது பெற்றோலிலே தொடக்கிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். படம் பார்க்க அயலவர் எல்லாரும் கூடுவோம். ஒருநாள் கொண்டாட்டமொன்றுக்குச் சோடா குளிர வைக்கவேண்டும் என்று, அதுகாறும் உடுப்புப் பெட்டியாய்க் கிடந்த குளிர்ச்சாதனப் பெட்டியை வெறுமையாக்கித் துடைத்து அதிற் கொளுவினார்கள். ஓடும்போது நூற்றைம்பது உவாற்றுக்கும் மேற் கொள்ளாத பெட்டி அது. மின்குமிழ்கள் மங்கின, தொலைக்காட்சிப் படம் சுருங்கிற்று, பெட்டி உறுமியதே தவிர ஓடவில்லை. யாரோ 'கொஞ்சம் பொறு, பிடிக்கும்' என்றார். சற்று நேரத்திற் கருகிய மணம் வந்தது. அப்பெட்டி பின்னர் மின்சாரம் வந்த பிறகும் உடுப்புப் பெட்டியாகவே இருந்தது.

நிகழ்ந்தது யாதெனின், தூண்டல் மோட்டர் ஒன்றுக்குள் அசையாதிருக்கும் சுழலியானது, குறுக்கே இணைத்த துணைச் சுருளையுடைய நிலைமாற்றியை ஒத்தது. அது சுழலத் தொடங்கி வேகம் பெறும்போதே எதிர் மின்னியக்க விசை எழுந்து ஓட்டத்தைத் தடுக்கும். அதற்கு முன் ஓட்டத்தை மட்டுப்படுத்துவது சுருளின் சிறு தடையும் கசிவுத் தூண்டலுமே. ஆகவே தொடங்கும் கணத்தில் ஓட்டம் நான்கு, ஐந்து மடங்காகும். 13,500 அலகுக் குளிரூட்டி ஓடும்போது ஏறத்தாழ 12 அல்லது 13 அம்பியர் கொள்ளும். அதன் அமுக்கி அசையாது நிற்கும் கணத்தில் 60 அம்பியர் வரை இழுக்க முனையும். மின்பிறப்பாக்கி அதனைக் கொடுக்கமாட்டாதாயின் உவோற்றளவு தாழும். தாழ்ந்த உவோற்றில் மோட்டரின் முறுக்குவிசை அதனினும் விரைவாகக் குறையும். உவோற்று பாதியானால் முறுக்குவிசை காற்பங்கே. அப்பொழுது மோட்டர் சுழலாது, சுழலாமையால் ஓட்டமும் குறையாது, சுருள் எரியும். எங்கள் ஒழுங்கைப் பெட்டிக்கு நேர்ந்த கதி அதுவே.

இவ்வெழுச்சி ஒரு செக்கனிலும் குறைந்த நேரமே நிலைக்கும். எழுச்சி ஓட்டம் முழுவதும் மெய்வலுவும் அன்று. அப்போது வலுக்காரணி மிகத் தாழ்ந்திருக்கும். ஆதலின் நடைமுறையில் இத்தகைய குளிரூட்டி ஒன்றைத் தொடக்க 2500 முதல் 3000 உவாற்று வரை கொடுக்கவல்ல மின்பிறப்பாக்கி வேண்டும் எனக் கொள்வர். ஓடும் 1500 உக்கு இஃது ஏறத்தாழ இருமடங்கு. அன்றியும் குளிரூட்டி ஒருமுறை தொடங்கி ஓய்வதன்று. உள்ளே குளிர்ந்ததும் அமுக்கி நிற்கும், வெப்பம் ஏறியதும் மீளத் தொடங்கும். அவ்வேளையிற் பற்றரி ஏற்றியும் செறிவாக்கியும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே கணிக்கவேண்டிய முறை இதுவாம்: எல்லாக் கருவிகளின் எழுச்சியையும் கூட்டற்க, மிகப் பெரிய எழுச்சி ஒன்றை மட்டும் எடுத்து, ஏனையவற்றின் ஓட்ட வலுவோடு கூட்டுக. 3000 உடன் 350, 100, 1000 ஆகியவற்றைக் கூட்ட 4450 வரும்.

இனிக் கடைக்காரரின் 2200 ஐ ஆராய்வாம். பெட்டியிற் பெரிய எழுத்தில் அச்சிட்ட 2200 என்பது சிறிது நேரத்துக்கே கொடுக்கவல்ல உச்ச அளவு. எடுத்துக்காட்டாக, அங்கு வீட்டு வண்டிக்காரர் பெரிதும் விரும்பும் ஹொண்டா ஈயூ 2200 ஐ என்னும் கருவியின் உச்சம் 2200 உவாற்று. இடையறாது கொடுப்பது 1800 உவாற்றே. இரண்டாவது எண்ணும் அத்தகட்டிலேயே உள்ளது. அதனை மறைத்து விற்பதாக யான் குறை சொல்லவில்லை. வாங்குவோர் முதலெண்ணோடு நின்றுவிடுகின்றனர், அவ்வளவே. பகற்சுமை 2950 ஆகிய நம் மாணவருக்கு 1800 எங்ஙனம் போதும்? குளிரூட்டி ஒன்றை மாத்திரம், அதுவும் தொடக்க எழுச்சியைத் தணிக்கும் கருவி பூட்டினால், அது ஒருவாறு ஓட்டும்.

அத்தணிப்புக் கருவி பற்றி ஒரு சொல். அமுக்கிக்கு முழு உவோற்றையும் ஒரேயடியாகக் கொடாது, இலத்திரனியல் முறையாற் படிப்படியாக உயர்த்திக் கொடுக்கும் சிறு பெட்டி அது. தொடக்க ஓட்டத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடுகின்றது. அதனைப் பூட்டினால் 4450 என்னும் எழுச்சித் தொகை ஏறத்தாழ ஓட்டத் தொகையாகிய 2950 அளவிலேயே அடங்கும். ஒரு பெரிய மின்பிறப்பாக்கியை வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை சிறிது. முதலில் வாங்கவேண்டியது இதுவே என்பது என் கருத்து.

இவ்வளவும் கடல் மட்டத்துக் கணக்கு. மலை ஏறினால் வேறு. பெற்றோல் இயந்திரம் பெற்றோலினால் மட்டும் இயங்குவதன்று. காற்றும் அதன் உணவு. உயரம் கூடக் காற்று அடர்த்தி குறையும். உயரம் 1000 அடி கூடுந்தோறும் வலு ஏறத்தாழ நூற்றுக்கு 3.5 வீதம் குறையும் எனச் செய்வோரே கூறுவர். கிராண்ட் கன்யனின் தென்விளிம்பு ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் உள்ளது; நம் பீதுருதாலகாலை மலையின் 8281 அடியை நினைந்து கொள்க. அங்கே நூற்றுக்கு 24.5 வீதம் போய்விடும். 1800 உவாற்று 1360 ஆகிவிடும். 1500 கேட்கும் குளிரூட்டிக்கு அது போதாது.

ஆனால் இயற்கை ஒரு கையாற் பறித்ததை மறு கையாற் கொடுக்கின்றது. 7000 அடி உயரத்திலே குளிரூட்டியின் தேவையே பெரிதும் அற்றுப்போகின்றது. கொடிய வெப்பமுள்ள மரணப் பள்ளத்தாக்கோ கடல் மட்டத்துக்கும் கீழே, அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் 86 மீற்றர் ஆழத்தில் உள்ளது. ஆங்குக் காற்றழுத்தம் மிகுதி. இயந்திரத்துக்கு உயரத்தால் இழப்பில்லை. கோடைப் பகல் 46 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கமாதலின், வெப்பக் காற்றின் ஐதாந்தன்மையால் நூற்றுக்கு நாலைந்து வீதமே குறையும். வலு மிக வேண்டிய இடத்தில் வலு இருக்கின்றது. இல்லாத இடத்தில் வேண்டப்படுவதும் குறைவு. நுண்ணலை அடுப்புக்கும் செறிவாக்கிக்கும் மட்டும் இச்சலுகை இல்லை. அவை மலையிலும் முன்போலவே கேட்கும்.

'ஐயத்துக்கு இடமின்றி மிகப் பெரியதையே வாங்கினால் என்ன?' என்று கேட்கலாம். மேற்சொன்ன 2200 கருவியின் தாங்கி 3.6 இலீற்றர் கொள்ளும். முழு 1800 உவாற்றில் ஓட்டினால் 3.2 மணித்தியாலம் ஓடும். காற்சுமையாகிய 450 உவாற்றில் 8.1 மணித்தியாலம் ஓடும். மாணாக்கர் இதனைக் கணித்துப் பார்ப்பாராக. முழுச்சுமையில் ஓர் இலீற்றருக்கு 1.6 அலகு மின் கிடைக்கின்றது. காற்சுமையில் ஏறத்தாழ ஓர் அலகே. இத்தனைக்கும் இது சுமைக்கேற்ப வேகத்தைத் தாழ்த்தும் இன்வேட்டர் வகை. பழைய வகையிற் சுழலியின் வேகமே மீடிறனைத் தீர்மானிப்பதால், இருமுனையுள்ள பிறப்பாக்கி நிமிடத்துக்கு 3600 முறை சுழன்றேயாகவேண்டும். நம் 50 சுழற்சிக்கு 3000. ஒரு விளக்கு எரிந்தாலும் அதே வேகம், அதே ஓசை. பெரிய கருவியைச் சிறு சுமையில் நாள் முழுதும் ஓட்டுதல் பெற்றோலை ஓசையாக மாற்றுதலேயாம். அமெரிக்கத் தேசிய பூங்காக்களில் 50 அடித் தொலைவில் 60 தெசிபெலுக்கு மேல் ஒலிக்கும் இயந்திரங்களுக்குத் தடையும் உண்டு. பளுவையும் மறக்கலாகாது. 2200 கருவி ஏறத்தாழ 21 கிலோகிராம், ஒருவர் தூக்கலாம். 8500 உவாற்றுக் கருவியை ஒருவர் வண்டியில் ஏற்றி இறக்குதல் இயலாது.

இவையெல்லாம் கொண்டு யான் அவருக்கு எழுதியது: "தம்பி, ஒரு பெரியது வேண்டாம், ஒரு சிறியதும் போதாது. சமாந்தரமாக இணைக்கத்தக்க சிறியன இரண்டு வாங்கும்." இரண்டும் சேர்ந்து இடையறாது 3600 உவாற்று கொடுக்கும், வண்டி வாயிலின் எல்லையும் அதுவே. பாலைவன வெப்பத்தில் அது 3450 அளவாகும். குளிரூட்டி 1700 ஆக ஏறினாலும் மொத்தச் சுமை 3150. இடைவெளி சிறிதாயினும் உண்டு. வேண்டின் நண்பகலிற் பற்றரி ஏற்றியைக் குறைக்கலாம். கிராண்ட் கன்யனில் இரண்டும் சேர்ந்து 2700 கொடுக்கும். அங்கே குளிரூட்டி இல்லாமையால் மிகுதியே. காலையிலும் மாலையிலும் ஒன்றை மட்டும் ஓட்டினால் எரிபொருளும் மிச்சம். யான் முதன்மையாகக் கருதியதோ வேறு. இயந்திரம் எதுவும் ஒருநாள் நின்றுவிடக்கூடும். ஒன்று நின்றால் மற்றது செறிவாக்கியையும் விளக்கையும் பற்றரி ஏற்றியையும் தாங்கும். அன்று வீட்டினர் வியர்ப்பர். தாயாரின் மூச்சுக்கு இடையூறு நேராது.

இரவு பற்றி எழுதும்போதுதான் என் பேனா தயங்கிற்று. அப்பூங்காக்களில் மின்பிறப்பாக்கியை இராக்காலத்தில் ஓட்ட விடுவதில்லை. பல இடங்களிற் பகலிலும் குறித்த சில மணித்தியாலமே. செறிவாக்கி வேண்டியதோ இரவில். ஆகவே இரவுச் சுமை பற்றரியிலே சாரும். 350 உவாற்று, பத்து மணித்தியாலம், ஆக 3.5 அலகு, நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டரின் இழப்பையும் சேர்க்க ஏறத்தாழ 3.9 அலகு. 12 உவோற்றுப் பற்றரியில் இது 325 அம்பியர்-மணி. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே வடித்தாற் கெட்டுவிடும். எனவே 650 அம்பியர்-மணி வேண்டும். 100 அம்பியர்-மணி கொண்டவை ஏழு! அவற்றின் பளுவே ஒரு மாடு அளவு. இலிதியம் பற்றரியாயின் நான்கு போதும், பளுவும் பாதிக்குக் குறைவு, விலை பெரிது. மறுநாள் அவற்றை மீள நிரப்ப, ஏற்றி 800 உவாற்று உட்செலுத்தினாலும் ஐந்து மணித்தியாலம் ஆகும். இரண்டு மணித்தியாலமே ஓட்ட அனுமதிக்கும் இடத்தில் அது கைகூடாது. மின்பிறப்பாக்கி எவ்வளவு பெரிதானாலும் இவ்விடர்ப்பாடு தீராது; பற்றரி ஏற்கும் வேகத்துக்கு மேலாக அதனை ஊட்ட முடியாது.

ஆகையால், தாயார் உறங்கும் இரவுகளில் மின்னிணைப்புள்ள தங்குமிடத்தையே முன்கூட்டிப் பதிவு செய்யுமாறு எழுதினேன். கிராண்ட் கன்யனின் தென்விளிம்பில் மேதர் என்னும் தங்குமிடத்தில் மின்னிணைப்பு இல்லை. அதனருகே உள்ள ட்ரெயிலர் விலேஜ் என்னுமிடத்தில் உண்டு. மின்பிறப்பாக்கி பகலுக்கும் வழித்தங்கலுக்கும் இடருக்குமே. 7000 அடியில் ஒட்சிசன் வேண்டியவரைத் தங்கவைக்கலாமா என்பது வைத்தியர் சொல்லவேண்டியது. அதனை உவாற்றுக் கணக்கால் துணியற்க என்றும் சேர்த்தேன். தற்செயலாக ஓரிரவு இணைப்பற்றாலும் துணையாயிருக்க, மின் வேண்டாத ஒட்சிசன் உருளை ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது பற்றியும் அவரிடமே கேட்குமாறு எழுதினேன்.

இன்னொன்றையும் அடிக்கோடிட்டு எழுதினேன். இயந்திரப் புகையிலே காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைப் பார்க்கிலும் இருநூறு மடங்குக்கு மேற் பற்றுக்கொண்டு சேர்வது. உறங்குவோர் விழிப்பதில்லை. ஆதலின் மின்பிறப்பாக்கியை வண்டியின் சாளரத்தினின்றும் குறைந்தது 20 அடி தூரத்தில், காற்று வண்டியை நோக்கி வீசாத பக்கத்தில் வைத்தல் வேண்டும். மழை வந்தது என்று வண்டியின் கூடாரத்துக்குள் இழுத்தல் ஒருபோதும் ஆகாது. வண்டியினுள்ளே நச்சுவாயு அறிவிப்பான் இருக்கின்றதா, அதன் பற்றரி உயிரோடு உள்ளதா என்று புறப்படுமுன் நோக்கவேண்டும். அயல்வண்டியின் புகையும் நம் சாளரத்துக்குள் நுழையும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

அவர் சென்று வந்துவிட்டார். இரண்டு மின்பிறப்பாக்கியும் தணிப்புக் கருவியும் வாங்கியதாகவும், மரணப் பள்ளத்தாக்கில் ஒருநாள் ஒன்று தொடங்க மறுத்ததாகவும், மற்றதனோடு அன்றைப் பொழுதைக் கழித்ததாகவும் எழுதியிருந்தார். கடிதத்தின் அடியிலே புதியதொரு வினா: "அம்மா தைமாதம் ஊருக்கு வருகிறா. செறிவாக்கியையும் கொண்டுவந்து, 230 ஐ 120 ஆக்கும் நிலைமாற்றி ஒன்று வைத்தாற் சரிதானே, சேர்?"

சரியன்று. நிலைமாற்றி உவோற்றைத் தாழ்த்தும். மீடிறனைத் தாழ்த்தாது, உயர்த்தாது. 60 சுழற்சிக்கென அமைந்த மோட்டருக்கு நம் 50 சுழற்சியைக் கொடுத்தால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும், அமுக்கும் காற்றுக் குறையும், ஒட்சிசனும் குறையும். அதே 120 உவோற்றிற் காந்தப் பாயமோ 1.2 மடங்காகி, இரும்பு நிரம்பி, சுருள் மிகையாய்ச் சூடேறும். கருவியின் தகட்டில் 50 சுழற்சியும் பொறித்திருந்தாலன்றி அதனை இங்கே கொளுவலாகாது. 230 உவோற்று, 50 சுழற்சிக்குரிய செறிவாக்கியை இங்கேயே வாடகைக்கேனும் விலைக்கேனும் பெற்று, தாயார் வந்திறங்கும் முன்னரே வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்குமாறு மறுமொழி எழுதியுள்ளேன்.